ஜூன் மாத ஆஃப்ரிஸ்கி: மலை பழுப்பு, சரிவு வெள்ளை

ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு, ஜூன் மாதத்தின் முதல் பாதியில் ஆஃப்ரிஸ்கி என்ற ஸ்கீ தலத்தைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். சுற்றிலும் பனி மூடிய மலைகள் வேண்டும், குழந்தைகளோடு பனிமனிதன் செய்ய வேண்டும், படம் எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பவர்கள் ஜூலை பிற்பகுதி வரை பொறுத்திருப்பது நல்லது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நாங்கள் போய்வந்ததிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கில் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மெல்ரோஸ் முருகன் கோவிலில் பிரசாதம் வாங்க நிற்கும்போதுகூட அதே கேள்வி: "அங்கே பனி பெஞ்சிருச்சா?"

ஜூன் தொடக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்து பெரிய பயன் இல்லை. கடந்த சில ராத்திரிகளில் எவ்வளவு குளிர் இருந்தது, காற்று எவ்வளவு காய்ந்திருந்தது என்று கேளுங்கள். சரிவு எப்படி இருக்கும் என்பது அதில்தான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஃப்ரிஸ்கி தென்னாப்பிரிக்காவுக்குள் இல்லை, லெசோத்தோவில் இருக்கிறது. அந்த நாட்டின் வடக்கே, மலுட்டி மலைத்தொடரில், மஹ்லசேலா கணவாய்க்குப் பக்கத்தில், 3,050 மீட்டர் உயரத்தில். ஊட்டி தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான், யோசித்துக்கொள்ளுங்கள். சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, இங்கே அதுதான் குளிர்காலம். பெரிய சரிவு ஒன்று, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். பக்கத்திலேயே புதிதாகக் கற்பவர்களுக்கான சின்னச் சரிவுகள். நாற்காலி லிஃப்ட் கிடையாது. ஸ்கீ தரையில் பதிந்தபடியே நம்மை மேலே இழுத்துப் போகும் லிஃப்ட்தான். குல்மார்க்கில் கோண்டோலா ஏறி வந்தவர்கள் அந்தப் பிரம்மாண்டத்தை இங்கே தேட வேண்டாம். முதன்முதலாகக் காலில் ஸ்கீ மாட்டுகிறவர்களுக்கு ஒரு கிலோமீட்டர் ரொம்பவே தாராளம்.

எங்களோடு டர்பனிலிருந்து, சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஓர் அக்காவும் அவர் மகளும் வந்திருந்தார்கள். நான், வீட்டுக்காரர், ஐந்தாவது படிக்கும் பையன். பையனுக்கு வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டோம். அது வேண்டுமென்றே செய்தது. ஜூன் 16 இளைஞர் நாள், அதையொட்டிய விடுமுறையில் கூட்டம் ஏறிவிடும். மாதக் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கினால் கேட்கவே வேண்டாம். அதற்கு முந்திய ஒரு வாரநாள் கிடைத்தால் விடாதீர்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். ஃப்ராங்க்ஃபோர்ட், ரைட்ஸ், பெத்லஹேம், ஃபூரீஸ்பர்க் என்று ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தை நீளமாகக் கடந்து, கலடன்ஸ்போர்ட் எல்லைச் சாவடியில் லெசோத்தோவுக்குள் நுழைய வேண்டும். டர்பன்காரர்கள் ஹாரிஸ்மித் வந்து கோல்டன் கேட் வழியாகக் கிளாரென்ஸ், ஃபூரீஸ்பர்க் என்று வரலாம். எல்லை தாண்டியதும் பூத்தா பூத்தே ஊர். அதற்கப்புறம் ஏற்றம். மொட்டெங் கணவாய் 2,820 மீட்டர். சாலை நல்ல தார்ச்சாலைதான், ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். காலையில் வெயில் படாத வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் இருக்கும். தார் ஈரமாகப் பளபளத்தால் அது ஈரம்தான் என்று நினைத்து பிரேக்கை மிதிக்காதீர்கள். இருட்டில் அந்த ஏற்றத்தில் போகவே கூடாது என்பது என் கருத்து. அதனால் வியாழன் ராத்திரி எல்லைக்கு இந்தப் பக்கம் தங்கிவிட்டு, விடிந்ததும் கிளம்பினோம். தங்கிய இடத்தின் பெயர் வேண்டாம். அறைக்கு ஹீட்டர் உண்டு என்று போனில் சொன்னார்கள், போய்ப் பார்த்தால் வேலை செய்யவில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் ஹீட்டரின் படம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலே ஏறி, கடைசித் திருப்பம் தாண்டியதும் கண்ணில் படுவது பழுப்புப் புல் மலைகள். அவற்றின் நடுவே, மேலிருந்து கீழாக, ஒரே ஒரு வெள்ளைப் பட்டை. பையன் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "மீதிப் பனி எங்கேம்மா?" என்றான். நியாயமான கேள்வி. பதில் இந்தப் பிரதேசத்தின் மழைக்கணக்கில் இருக்கிறது. இங்கே மழை கோடையில்தான், ஏறக்குறைய அக்டோபரிலிருந்து மார்ச் வரை. குளிர்காலம் முழுக்க வறட்சி. குளிர் வந்துவிடும், ஆனால் பனியாக மாற வானத்தில் ஈரம் இருக்காது. தென்மேற்கே கேப் பக்கமிருந்து ஒரு பலமான கோல்ட் ஃப்ரண்ட், அதாவது முன்னேறிவரும் குளிர்காற்றுத் திரள், உள்நாடு வரைக்கும் ஏறிவந்து ஈரத்தையும் கூட்டிவந்தால்தான் மலுட்டி வெளுக்கும். அது காலண்டர் பார்த்து வருவதில்லை. 2012 ஆகஸ்ட் 7 அன்றும் 2023 ஜூலை 10 அன்றும் ஜோகன்னஸ்பர்க் நகரத்திலேயே பனி விழுந்தது. 2024இல் செப்டம்பர் மூன்றாவது வாரக் கடைசியில் விழுந்த பனியில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் ஜோகன்னஸ்பர்க்–டர்பன் N3 நெடுஞ்சாலையே மூடிக்கிடந்தது, ராத்திரி முழுக்க வண்டிகளுக்குள் ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். ஸ்கீ சீசன் முடிந்த பிறகு வந்த பனி அது. வானத்தை நம்பி ஜூனில் ஒரு ஸ்கீ சரிவைத் திறக்க முடியாது.

அதனால் அந்த வெள்ளைப் பட்டை ஆள்கள் உண்டாக்கியது. சரிவோரமாக நிற்கும் பனிப் பீரங்கிகள் தண்ணீரைக் காற்றழுத்தத்தோடு மிக நுண்ணிய துளிகளாக வீசுகின்றன. துளி தரையில் விழுவதற்குள் உறைய வேண்டும். இங்கேதான் வறண்ட காற்று கைகொடுக்கிறது. துளியின் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் ஆவியாகும்போது மிச்சமுள்ள நீர் குளிர்ந்துவிடும். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதே காரணத்தால்தான். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் மைனஸ் 2 டிகிரி அல்லது அதற்குக் கீழே காட்டினால் பீரங்கியை ஓட்டலாம் என்பது பொதுவான கணக்கு. நல்ல வறண்ட ராத்திரியில் காற்றின் சூடு 1 டிகிரி, 2 டிகிரி இருந்தாலும் இந்தக் கணக்கு ஒத்துவரும். மேகம் கவிந்து ஈரக்காற்று அடிக்கிற ராத்திரியில் மைனஸ் 1 இருந்தாலும் ஒத்துவராது. ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு இரண்டு கன மீட்டரும் கொஞ்சமும் பனி கிடைக்கும். ஒரு கிலோமீட்டர் சரிவை மூட எத்தனை ராத்திரி வேலை என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் குளிரில் விடிய விடிய நின்று வேலை பார்க்கிறவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

எங்களுக்கு அதிர்ஷ்டம், வியாழன் ராத்திரி வானம் துடைத்து விட்டிருந்தது. வெள்ளி காலை ஒன்பது மணிக்குச் சரிவின் அடிவாரத்தில் கையுறையைக் கழற்றி ஒரு பிடி அள்ளினேன். ஆறு கை விரித்த பனிப் படிகமெல்லாம் இல்லை. சின்னச் சின்ன உருண்டைகள், பொடி ஜவ்வரிசி மாதிரி. இறுக்கிப் பிடித்தாலும் உருண்டை சேரவில்லை, விரலைத் திறந்ததும் சரசரவென்று உதிர்ந்துவிட்டது. வானத்திலிருந்து புதிதாக விழும் பனியைவிட இது நான்கைந்து மடங்கு அடர்த்தி. அந்த அடர்த்திதான் ஜூன் மாதத்து வெயிலைத் தாங்குகிறது. புதுப்பனி இரண்டு நாள் வெயிலில் போய்விடும், இது கிடக்கும்.

பனியைச் சமன்படுத்தும் பெரிய வண்டி ராத்திரியே ஓடி முடித்திருந்ததால் சரிவு முழுக்க நேர்க்கோடாக வரிவரியாக இருந்தது. பார்க்க ரொம்ப அழகு. காலில் அவ்வளவு சுகமில்லை. ஒன்பது மணிக்கு அந்த வரிகள் கெட்டியாக உறைந்து, ஸ்கீயின் விளிம்பு பட்டால் கறகறவென்று சத்தம் போட்டன. ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்கள் அந்த நேரத்தைத்தான் தேடி வருகிறார்கள். புதியவர்களுக்கு அது வேகம் அதிகம், விழுந்தால் எலும்பில் தெரியும். ஆகவே முதல் ஒரு மணி நேரம் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடக்கப் பழகினோம். ஸ்கீ பூட்ஸில் நடப்பதே ஒரு பாடம், குதிகாலை முதலில் ஊன்ற வேண்டும்.

பத்தரை மணிக்கு மேல் நிலைமை மாறியது. மேல்பரப்பு ஒரு விரல்கடை அளவுக்கு இளகியது, அடியில் கெட்டி அப்படியே இருந்தது. ஸ்கீ பிடிப்போடு திரும்பியது, விழுந்தாலும் வலிக்கவில்லை. பத்தரையிலிருந்து ஒரு மணி வரை என்பதுதான் எங்கள் அனுபவத்தில் பொன்னான நேரம். சாப்பாட்டை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணிக்கு மேல் சாவகாசமாக உட்காருங்கள்.

பெரிய சரிவின் மேல்பகுதியைக் கயிறு கட்டி மூடியிருந்தார்கள். அங்கே பனி இன்னும் பத்தவில்லை, அடுத்த குளிர் ராத்திரிகளுக்காகப் பீரங்கிகளைத் திருப்பி வைத்திருந்தார்கள். திறந்திருந்த பகுதியில் நடுவிலே ஊன்றுகோலை அழுத்திக் குத்தியும் தரை தட்டவில்லை. ஓரங்களில் கதை வேறு. வெள்ளை மெலிந்து, புல் முடிச்சுகளும் கல் முனைகளும் எட்டிப் பார்த்தன. திரும்பத் தெரியாதவர்கள் ஓரத்துக்குப் போனால் ஸ்கீயின் அடிப்பாகம் கல்லில் உரசும், நாமும் தலைகுப்புறப் போவோம். பட்டையின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்தைத்தான் உங்கள் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே திரும்பப் பழகுவது நல்ல பயிற்சியும்கூட.

இரண்டு மணிக்கு மேல் அடிவாரம் சொதசொதத்தது. லிஃப்டுக்கு நிற்கும் இடத்தில் பனியும் மண்ணும் கலந்து சேறு. மூன்றரை வாக்கில் மலை நிழல் சரிவின்மேல் விழுந்ததும் பத்து நிமிடத்தில் குளிர் ஏறியது. பகலெல்லாம் ஸ்கீ கிழித்த தடங்கள் அப்படியே உறைந்து கல்லாகிவிட்டன. அன்றைக்கு நான் பார்த்த மோசமான விழுகைகள் எல்லாம் அந்த நேரத்தில்தான். "இன்னும் ஒரே ஒரு தடவை சித்தி" என்று அக்கா மகள் கெஞ்சினாள், நான் விடவில்லை. நிழல் விழுந்ததும் ஸ்கீயைக் கழற்றிவிடுங்கள்.

பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்துத் தயவுசெய்து அதைத் தவிர்க்காதீர்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பசோத்தோ, அதாவது லெசோத்தோவின் மக்களினத்து, இளைஞர். அந்த மலைப்பக்கத்துப் பையன், இந்தச் சரிவிலேயே கற்றுக்கொண்டவராம். "துமேலா" என்று வணக்கம் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். அவர் முதலில் செய்தது பையன் முன்னால் முழங்காலிட்டு, பூட்ஸின் கொக்கிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, உள்ளே மடிந்திருந்த சாக்ஸை இழுத்துச் சரிசெய்து, திரும்ப மாட்டியது. கணுக்காலுக்கு மேல் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார். விரல் சுலபமாக நுழைந்தது, கொக்கியை ஒரு பல் இறுக்கினார். "சாக்ஸில் ஒரு மடிப்பு இருந்தால் மத்தியானத்துக்குள் கொப்புளம்" என்றார். அதற்கப்புறம்தான் ஸ்கீ. முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, முழங்காலை உள்ளே தள்ளி வேகத்தைக் குறைப்பது. நிற்கத் தெரிந்த பிறகுதான் ஓட்டம் என்பதில் கறாராக இருந்தார். பையன் நின்று பழகும்வரை ஒரு கத்தலோ அவசரமோ இல்லை. ஒரு திருப்பம் வலப்பக்கம் சரியாக வந்தபோது, கீழே நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பையனுக்கு அதுதான் அந்தப் பயணத்தின் பெரிய பரிசு.

இதற்குத்தான் ஜூன் தொடக்கம் என்கிறேன். வெள்ளிக்கிழமை சின்னச் சரிவில் கூட்டமே இல்லை. விழுந்து, எழுந்து, நிதானமாகப் பழகலாம், பின்னால் யாரும் வந்து மோத மாட்டார்கள்.

சனிக்கிழமை வேறு மாதிரி. முந்தின ராத்திரி பத்து மணி வாக்கில் மேகம் வந்து மூடிவிட்டது. காற்றில் ஈரம். நான் எழுந்து ஜன்னலைத் திறந்து கேட்டேன், பீரங்கிச் சத்தம் நின்றிருந்தது. காலையில் சரிவு உறையவே இல்லை, ஒன்பது மணிக்கே மெத்தென்று இருந்தது. பதினோரு மணிக்கு ஸ்கீ பனியை வெட்டாமல் பனிக்குள் புதைய ஆரம்பித்தது. முந்தைய நாள் ஓரத்தில் தெரிந்த புல் முடிச்சுகள் இப்போது கொஞ்சம் உள்ளே தள்ளித் தெரிந்தன. வானம் கவிந்த, குளிர் கம்மியான நாள். நம் ஊர்க் கண்ணுக்கு அதுதான் "பனி நாள்" மாதிரி தெரியும். ஸ்கீக்கு வெள்ளிக்கிழமையின் நீல வானமும் சுடும் வெயிலும் எவ்வளவோ மேல். வார இறுதிக் கூட்டமும் சேர்ந்துகொள்ள, நாங்கள் மத்தியானத்துக்கு முன்னாலேயே போதும் என்று முடித்துக்கொண்டோம். போவதற்கு முன்னால் வானிலை பார்க்கும்போது பகல் சூட்டைப் பார்க்காதீர்கள். ராத்திரியில் எவ்வளவு இறங்குகிறது, காற்றில் ஈரப்பதம் எத்தனை சதவீதம், மேகம் உண்டா என்ற மூன்றையும் பாருங்கள். நாலைந்து தெளிந்த, காய்ந்த ராத்திரிகள் தொடர்ந்து வந்திருந்தால் யோசிக்காமல் கிளம்பலாம்.

உயரத்தைப் பற்றி அக்கா சார்பாக ஒரு பாரா. டர்பன் கடல் மட்டம். ஜோகன்னஸ்பர்க்காவது 1,700 மீட்டர், எங்களுக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. 3,050 மீட்டரில் மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் 70 சதவீதம்தான். அக்காவுக்கு வெள்ளி சாயங்காலம் தலை விண்விண்ணென்று தெறித்தது, சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீர் நிறையக் குடிக்க வைத்து, சீக்கிரம் படுக்க வைத்தோம், காலையில் சரியாகிவிட்டது. கடலோரத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு ராத்திரி கிளாரென்ஸ் பக்கம் தங்கி ஏறுவது நல்லது. போன உடனே ஓடியாட வேண்டாம். தலைவலி வாந்தியாக மாறினாலோ, நடை தள்ளாடினாலோ கீழே இறங்கிவிடுவதுதான் மருந்து.

வெயில் இன்னொரு விஷயம். "நம்ம நிறத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்று எங்கள் வீட்டிலும் ஒருவர் சொன்னார். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும், கீழேயிருந்து பனி வேறு திருப்பி அடிக்கும். மூக்கின் அடிப்பக்கமும் தாடையின் அடிப்பக்கமும் கன்றிப்போகும். சன்ஸ்கிரீனை அங்கேயும் தடவுங்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம், குழந்தைக்கும்தான். உதட்டுக்கு வாசலின், காற்று அவ்வளவு காய்ந்தது.

உடுப்பில் எங்களை ஏமாற்றியது கையுறை. ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம், நனையாது என்று உறுதியாகச் சொல்லித் தந்தார்கள். பதினோரு மணிக்குள் உள்துணி ஊறி, விரல்கள் மரத்துப்போயின. திருப்பிக் கொடுக்கும்போது சொன்னதற்கு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் வீட்டில் குழாயடியில் ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், ஒரு தடவை விழுந்தால் நாள் முழுக்க ஈரம். ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கின்றன, எங்களுக்குக் கிடைத்தவை நல்ல நிலையில் இருந்தன.

சாப்பாடு. ஸ்கை ரெஸ்டாரன்ட், 3,010 மீட்டரில். ஆப்பிரிக்காவின் மிக உயரமான உணவகம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சைவக்காரர்களுக்குத் தேர்வு குறைவு, ஆனால் பசி தீரும். சரிவைப் பார்த்தபடி சூடான சாக்லேட் குடிக்கும் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சமையலறையோடு தங்குகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள்: அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வெந்தும் வேகாமலும் நிற்கும், பருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள். எங்கள் குக்கர் அந்த ராத்திரி விசில் அடித்தபோது பக்கத்து அறைக்காரர்கள் பதறிக் கதவைத் தட்டினார்கள். அப்புறம் ரசம் சாதம் அவர்களுக்கும் போனது. அக்கா டர்பனிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறுதான் சனிக்கிழமை எல்லாரையும் காப்பாற்றியது.

எல்லைக் காகிதங்களை அலட்சியம் செய்யாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் லெசோத்தோ விசா விதியைக் கிளம்புவதற்கு முன் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். தென்னாப்பிரிக்க விசா ஒரே தடவை நுழைவதற்கானதாக இருந்தால், வெளியே போனபின் திரும்ப நுழைய முடியாது. குழந்தைகளுக்கு முழு விவரப் பிறப்புச் சான்றிதழ். அப்பா அம்மாவில் ஒருவர் வரவில்லையென்றால் அவருடைய சம்மதக் கடிதம். வண்டி வங்கிக் கடனில் இருந்தாலோ வாடகை வண்டி என்றாலோ எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். சாலை வரி என்று சாவடியில் ஒரு சிறு தொகை வாங்குகிறார்கள், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பற்றி. ரேடியேட்டரில் ஆன்டிஃப்ரீஸ் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் வண்டி என்றால் குளிரில் டீசல் மெழுகு மாதிரி திரிந்து ஃபில்டரை அடைக்கும், அதற்கு ஊற்றும் மருந்து பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும். ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கைப் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். ஹேண்ட்பிரேக் உறைந்து பிடித்துக்கொண்டால் காலையில் அசையாது.

கற்றுக்கொண்டாயிற்று, இனி பெரிய சரிவை மேலிருந்து பார்க்க வேண்டும் என்பவர்கள் ஜூலை கடைசி, ஆகஸ்ட் முதல் வாரம் போங்கள். அதற்குள் பீரங்கிகள் பல வாரம் ஓடி மேல்பகுதியும் மூடியிருக்கும், நடுவில் ஒரு நல்ல கோல்ட் ஃப்ரண்ட் வந்திருந்தால் அக்கம்பக்க மலைகளும் வெளுத்திருக்கும். அப்போது மொட்டெங் கணவாயில் டயருக்குச் சங்கிலி தேவைப்படலாம், வீட்டு முற்றத்தில் மாட்டிப் பழகிவிட்டுப் போங்கள். பையன் ஏற்கெனவே ஆகஸ்ட் என்று முடிவு செய்துவிட்டான்.

இறங்குவதற்கு நல்ல நேரம் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை, வளைவுகளில் வெயில் பட்டு ஈரம் காய்ந்திருக்கும். இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கையில் லெசோத்தோவின் மலோட்டி நோட்டு மிச்சமிருந்தால் பூத்தா பூத்தேயிலேயே பெட்ரோலுக்கோ பழத்துக்கோ செலவழித்துவிடுங்கள். ராண்டுக்கும் அதற்கும் ஒரே மதிப்புதான், அந்தப் பக்கம் ராண்டை எல்லாரும் வாங்குவார்கள், இந்தப் பக்கம் மலோட்டியைக் கடைகளில் வாங்க மாட்டார்கள்.